இறக்கினா ஸ்டைலு, இறக்காட்டி பூண்டி!

கார் பத்தி எழுதி ரொம்ப நாளாச்சு மக்கா. இந்தத் தடவை மேட்டர் கொஞ்சம் பெருசு, டெக்னிக்கல் வாடை தூக்கலா அடிக்கும். காருன்னா நாலு சக்கரம், ஒரு ஸ்டியரிங், பெட்ரோல் ஊத்தினா ஓடும்ங்கற அளவுல நிக்கிறவங்களும் தைரியமா படிக்கலாம். நடுநடுவுல அம்மா வருவாங்க, அவங்க பேசறது எல்லாருக்கும் புரியும். :-)

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். பூண்டின்னு சொன்னதும் சிலபேரு சென்னைக்குத் தண்ணி குடுக்கற பூண்டி ஏரியாங்கறாங்க. சிலபேரு தஞ்சாவூர் பக்கம் பூண்டி மாதா கோயிலாங்கறாங்க. கோயமுத்தூர்க்காரங்க வெள்ளியங்கிரி அடிவாரத்துப் பூண்டியாங்கறாங்க. மூணும் இல்லீங்க. எங்க பூண்டி கொடைக்கானல் மேல்மலை. டவுனைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சின்னு வரிசையா ஊருங்க வரும், அதுக்கப்புறம் நாங்க. எங்களுக்கு அடுத்தது கிளாவரை, அதோட பஸ் போற ரோடு முடிஞ்சிரும். கொடைக்கானல்லேருந்து சுமார் 40 கிலோமீட்டர். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ். காலையில எட்டு மணிக்கும் பனி விலகாது.

அந்த ஊர்ல நம்ம வண்டி ஒரு போலோ ஜிடி டிஎஸ்ஐ. "உனக்கு எதுக்குடா இந்த ஊர்ல இந்த வண்டி"ன்னு கேக்காத சொந்தக்காரன் இல்ல. கோயமுத்தூர்ல வேலையில இருந்தப்ப செகண்ட் ஹேண்டுல வாங்கினது. இந்தியாவுக்கு 2013-ல வந்த மாடல், 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 105 குதிரை சக்தி, ஏழு கியர் ஆட்டோமேட்டிக். 2022-ல போலோவையே இங்க நிறுத்திட்டாங்க. ஸ்பேர் தேடற கஷ்டத்தை இன்னொரு நாள் அழுதுக்கறேன்.

வண்டி லட்சம் கிலோமீட்டரைத் தாண்டினதும் ஷாக்ஸ் போயிடுச்சு. போயிடுச்சுன்னா உடைஞ்சு விழலை. பானட்டை அமுக்கி விட்டா ஒரு தடவை எழும்பி அடங்க வேண்டிய வண்டி மூணு தடவை தலையாட்டுச்சு. வளைவுல திரும்பினா ஸ்டியரிங் நேரானதுக்கப்புறமும் பாடி ஒரு பக்கமா சாஞ்சு, யோசிச்சுட்டு, அப்புறம்தான் திரும்பி வரும். தனியா ஓட்டறப்ப சமாளிச்சிரலாம். அம்மா பின் சீட்டுல இருந்தா முடியாது.

அம்மாவுக்கு முதுகுல டிஸ்க் பிரச்சினை. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மதுரைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். பூண்டியிலேருந்து கொடைக்கானல், அங்கேருந்து பெருமாள்மலை, ஊத்து, பண்ணைக்காடு பிரிவு, டம்டம் பாறை, காட் ரோடு, வத்தலக்குண்டு, அப்புறம் மதுரை. பாதிக்கு மேல வளைவுதான். ஊத்து வர்றதுக்குள்ள ரெண்டு தடவை வண்டியை நிறுத்தணும், அம்மா வாந்தி எடுத்துட்டு முந்தானையால வாயைத் தொடைச்சுக்கிட்டு "ம், எடு"ம்பாங்க. போன வருஷக் கடைசியில ஒரு நாள் வீட்டுக்கு வந்து இறங்கினதும் சொல்லிட்டாங்க.

"இனி நான் கீழ எறங்கல சாமி. வலி இருந்தா இருந்துட்டுப் போகுது. வலிக்கு மருந்து வாங்கப் போயி வலியை வாங்கிட்டு வர்றேன்."

தங்கமணி என்னைப் பாத்தா. நான் வண்டியைப் பாத்தேன்.

ஷாக்ஸ்னா என்ன?

ஷாக் அப்சார்பர்ங்கற பேரே ஒரு ஏமாத்து வேலைதான். ரோட்டுலேருந்து வர்ற அடியை வாங்கறது ஸ்பிரிங்கு. வாங்கின அடியை அது தனக்குள்ளயே வெச்சுக்காம திருப்பிக் குடுக்கும், அதான் பிரச்சினை. ஊஞ்சல்ல ஒரு குழந்தையைத் தள்ளிட்டு விட்டா அது பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருக்குமில்ல, ஸ்பிரிங்கும் அப்படித்தான். பக்கத்துல நின்னு அந்த ஊஞ்சலை மெதுவா புடிச்சு நிறுத்த ஒரு கை வேணும். அந்தக் கைதான் டாம்பர், நாம ஷாக்ஸ்னு சொல்றது. உள்ள எண்ணெய், பிஸ்டன்ல சின்னச் சின்ன ஓட்டை. எண்ணெய் அந்த ஓட்டை வழியா நெருக்கியடிச்சுப் போறப்ப ஆட்டத்தோட சக்தி சூடா மாறிடும். மோசமான ரோட்டுல ஒரு மணி நேரம் ஓட்டிட்டு டாம்பரைத் தொட்டா சுடறது அதனாலதான்.

காயிலோவர்னா டாம்பரைச் சுத்தி ஸ்பிரிங்கு மாட்டினது. அப்படிப் பாத்தா நம்ம ஊர்ல ஓடற பெரும்பாலான சின்னக் காருங்க முன்னாடி ஏற்கெனவே அந்த மாதிரிதான், மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்னு பேரு. ஏர்ல் மெக்ஃபர்சன்ங்கற அமெரிக்க இன்ஜினியர் 1940-கள்ல ஜெனரல் மோட்டார்ஸ்ல ஒரு சின்னக் காருக்காக யோசிச்சது. அந்தக் கார் விற்பனைக்கே வரல. மனுஷன் ஃபோர்டுக்கு மாறிட்டார், அவர் யோசனை 1950-களோட தொடக்கத்துல இங்கிலாந்து ஃபோர்டு கார்கள்ல ஏறி அங்கேருந்து உலகம் பூரா போச்சு. 1983-ல வந்த நம்ம மாருதி 800-க்கும் முன்னாடி அதேதான்.

அப்போ கடையில தனியா "காயிலோவர் கிட்"னு விக்கறானே, அது என்ன? டாம்பர் உடம்பு பூரா மரை போட்டிருக்கும். ஸ்பிரிங்கு உக்கார்ற தட்டை அந்த மரையில திருகி மேல கீழ நகத்தலாம், வண்டி உசரம் மாறும். தலையில ஒரு திருகு இருக்கும், அதைத் திருப்பினா எண்ணெய் போற வழி சிறுசா பெருசா ஆகும், ஊஞ்சலைப் பிடிக்கற கையோட பலம் மாறும். ஒவ்வொரு படிக்கும் 'டிக்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான் மேஜிக்கு.

மாப்ளையும் மகாபாரதமும்

அக்கா பையன் கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் படிக்கறான். காயிலோவர் போடப் போறேன்னு போன்ல சொன்னதும் குதிச்சான்.

"சூப்பர் மாமா! ரெண்டு இஞ்ச் எறக்கிடலாம். வீல் ஆர்ச்சுக்குள்ள விரல் நுழையக் கூடாது!"

"மாப்ள, கவுஞ்சி தாண்டினா ரோட்டுல கல்லு நுழையும்டா."

"ரேஸ் கார் எல்லாம் கீழதான மாமா இருக்கு?"

நியாயமான கேள்வி. அவன் ஊர்ல 2003-லேருந்து கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. 2010-ல ஆரம்பிச்ச போலோ கப் ரேஸ்ல இதே போலோ அங்கயும் சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலயும் ஓடியிருக்கு. அந்த வண்டியெல்லாம் தரையை முத்தம் குடுக்கற மாதிரிதான் இருக்கும். எடை கீழ இருந்தா வளைவுல சாயறது குறையும், நாலு டயரும் சமமா பாரம் சுமக்கும், வேகமா திரும்பலாம். எல்லாம் கரெக்டு.

ஆனா ரேஸ் டிராக்ல குழி இல்லையே! தரை சமமா இருக்கற இடத்துல டயர் மேல கீழ போக வேண்டிய தூரம் கம்மி, அதனால இறக்கலாம், ஸ்பிரிங்கைக் கல்லு மாதிரி போடலாம். மண் ரோட்டுல ஓடற ராலி காரைப் பாருங்க. அதுவும் ரேஸ்தான், அதுலயும் ஒரு நொடிக்கு உயிரை விடறாங்க. ஆனா வண்டி ஒசரமா, கால் நீளமா நிக்கும். ஏன்? குழியில டயர் இறங்கவும் கல்லுல ஏறவும் இடம் வேணும். டயர் தரையில ஒட்டியிருந்தாத்தான் பிரேக்கும் பிடிக்கும், ஸ்டியரிங்கும் கேக்கும். காத்துல தொங்கற டயரால ஒரு பிரயோசனமும் இல்ல.

மன்னவனூர் ரோடு சில இடத்துல நல்ல தாரு, சில இடத்துல மழை தின்ன மிச்சம். நமக்கு வேண்டியது ராலி புத்தி, ரேஸ் புத்தி இல்ல. வண்டியை ரெண்டு இஞ்ச் இறக்கினா டாம்பர் அமுங்கறதுக்கு இருக்கற இடத்துலயே அந்த ரெண்டு இஞ்ச் போயிடும். அப்புறம் ஒவ்வொரு குழிக்கும் பம்ப் ஸ்டாப்னு ஒரு ரப்பர் கட்டையில போய் டொம்முனு முட்டும். அந்த டொம் நேரா எங்க போகும்? அம்மா முதுகுக்கு.

மாப்ள கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "போட்டோவுக்காவது ஒரு நாள் எறக்கி வெச்சுக்கலாமா மாமா?"ன்னான். பாசக்காரப் பய.

ரெண்டு எதிரி

இங்கதான் எனக்குத் தூக்கம் போச்சு. அம்மாவுக்கு ரெண்டு கஷ்டம், ரெண்டுக்கும் எதிரி வேற வேற.

வாந்தி வர்றது மெதுவான ஆட்டத்தால. அஞ்சு நொடிக்கு ஒரு தடவை ஆடற மாதிரி கப்பல் ஆட்டம் இருக்கே, மனுஷ வயித்துக்கு அதுதான் ரொம்ப ஆகாது. மலை வளைவுல இடம் வலம்னு மாறி மாறிச் சாயறது ஏறக்குறைய அந்த வேகம்தான். முதுகு வலிக்கறது வேகமான அதிர்வால. உக்காந்திருக்கற மனுஷனோட முதுகெலும்பு நொடிக்கு 4-லேருந்து 8 தடவை வரைக்கும் வர்ற மேல் கீழ் அதிர்வுக்குத்தான் அதிகமா ஒத்து ஆடும்.

ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினா சாயறது குறையும், வயிறு சந்தோஷப்படும். ஆனா அதிர்வு கூடும், முதுகு திட்டும். மெதுவாக்கினா முதுகு சந்தோஷம், வயிறு திட்டும். மாமியார் மருமக கதைதான்.

கொஞ்சம் கணக்கு போட்டேன், பயந்துராதீங்க. முன்பக்கம் ஒரு மூலைக்கு ஸ்பிரிங்கு தாங்கற எடை தோராயமா 300 கிலோன்னு வெச்சுக்குவோம். ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ வேணும்ங்கற ஸ்பிரிங்கா இருந்தா அந்த மூலை நொடிக்கு 1.3 தடவை ஆடும். சாதாரண வீட்டுக் கார் இந்த மாதிரிதான், நாம நிதானமா நடக்கற தாளத்துக்குக் கிட்டத்தட்ட. 6 கிலோ ஸ்பிரிங்கு போட்டா நொடிக்கு 2.2 தடவை, ஓட்டமும் நடையுமா குலுங்கற மாதிரி. 1930-கள்லயே அமெரிக்காவுல கெடிலாக் கம்பெனியில மாரிஸ் ஓலின்னு ஒரு இன்ஜினியர் பின் சீட்டுக்காரங்க சுகத்துக்காக இதைப் பத்தி மண்டையை உடைச்சிருக்கார். முன் ஸ்பிரிங்கை விடப் பின் ஸ்பிரிங்கு கொஞ்சம் வேகமா ஆடணும், அப்பத்தான் ஒரு மேட்டுல ஏறி இறங்கினதும் பின்பக்கம் முன்பக்கத்தை எட்டிப் பிடிச்சு வண்டி முன்னும் பின்னும் குதிக்காம சமமா அடங்கும்னு கண்டுபிடிச்சவர் அவர்தான்.

கிட் விக்கறவர்கிட்ட முன்னாடிக்கு 3 கிலோ ஸ்பிரிங்கு கேட்டேன். நொடிக்கு 1.6 தடவை வருது. சிரிச்சார். "எல்லாரும் எட்டு குடு, பத்து குடுன்னு கேக்கறாங்க, நீங்க ஒருத்தர்தான் கீழ வர்றீங்க"ன்னார். மெலிசான ஸ்பிரிங்கு நீளமாவும் இருக்கணும், இல்லேன்னா முழு பாரத்துல சுருளோட சுருள் முட்டிக்கும். அதையும் கேட்டு வாங்கினேன். இன்னொண்ணு, நிறைய கிட் இறக்கறதுக்குன்னே செஞ்சது, எவ்வளவு ஏத்தித் திருகினாலும் கம்பெனி உசரத்துக்கு வராது. "கம்பெனி உசரம் வருமா"ன்னு முதல்ல அதைக் கேளுங்க, அப்புறம் விலையைப் பேசுங்க.

"கம்பெனி ஷாக்ஸே புதுசா மாட்டியிருக்கலாமே?"ன்னு கேக்கறீங்கதானே. தாராளமா மாட்டலாம், பெரும்பாலானவங்களுக்கு அதுதான் சரி, செலவும் கம்மி. என் வண்டி ஒரு வாரம் நான் மட்டும், ஒரு வாரம் குடும்பம், ஒரு வாரம் டிக்கி நிறைய கேரட் மூட்டைன்னு ஓடுது. ஒவ்வொண்ணுக்கும் திருகி மாத்திக்கற வசதி வேணும்னு தோணுச்சு. அப்புறம் ஆசைன்னு ஒண்ணு இருக்குல்ல. :-)

சட்டத்தையும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: கம்பெனி குடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.ல இருக்கற விவரத்துக்கும் மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லியிருக்கு. உசரத்தை மாத்தாம இருக்க இதுவும் எனக்கு ஒரு காரணம். மாட்டறதுக்கு முன்னாடியே இன்ஷூரன்ஸுக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்துல வாங்கி ஃபைல்ல வெச்சுக்கிட்டேன். வாய்ப்பேச்சு விபத்து நடந்த அன்னிக்கு உதவாது.

உருளைக்கிழங்கு ஷெட்டுல ரெண்டு நாள்

மழை இல்லாத மார்ச் மாசம், ஒரு சனி ஞாயிறு. இடம் வீட்டுக்குப் பக்கத்துல மூட்டை அடுக்கற ஷெட்டு, சிமெண்ட் தரை. மாப்ள முந்தின நாளே பஸ் ஏறி வந்துட்டான்.

முதல் வேலை டேப் எடுத்து நாலு மூலையிலயும் சக்கரத்து நடுவுலேருந்து ஆர்ச் வரைக்கும் அளந்து சாக்பீஸால சுவத்துல எழுதினது. இந்த நாலு நம்பர் இல்லேன்னா அப்புறம் எந்த உசரத்துக்குத் திரும்பி வர்றதுன்னு தெரியாது.

ரெண்டாவது, ஜாக்கியில தூக்கி ஸ்டாண்டுல இறக்கினது. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில தலையை விடாதீங்க மக்கா. ஸ்டாண்டு போட்டு, வண்டியை ஆட்டிப் பாத்து, கழட்டின டயரையும் அடியில படுக்க வெச்ச பிறகுதான் கை உள்ள போகணும்.

மூணாவது, பழைய ஸ்ட்ரட்டைப் பிரிக்கவே இல்ல. அதுல ஸ்பிரிங்கு அமுங்கின நிலையில உக்காந்திருக்கும். மில்லிமீட்டருக்கு இரண்டரை கிலோ கேக்கற ஸ்பிரிங்கு 15 சென்டிமீட்டர் அமுங்கியிருந்தா, 28 கிலோ எடையை ஒரு மீட்டர் உசரத்துலேருந்து போட்டா என்ன அடி விழுமோ அவ்வளவு சக்தி உள்ள இருக்கும். அது மூஞ்சிக்கு நேரா விடுபட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க. புது டாப் மவுண்ட்டும் பேரிங்கும் தனியா காசு குடுத்து வாங்கி, கிட்டோட மேஜை மேலயே சேத்து வெச்சுட்டேன். பழசு முழுசா வெளிய, புதுசு முழுசா உள்ள.

முன்னாடி வேலை இதுதான்: சக்கரம், ஏபிஎஸ் வயரோட கிளிப்பு, பிரேக் ஹோஸோட பிடிப்பு, லிங்க் ராடு, அப்புறம் நக்கிள். போலோவுல ஸ்ட்ரட்டோட கீழ்முனை நக்கிள்ல இருக்கற ஒரு வளையத்துக்குள்ள இறுக்கமா சொருகியிருக்கும். குறுக்கால ஒரு போல்ட்டு. போல்ட்டைக் கழட்டினா மட்டும் வராது, வளையத்தோட பிளவை ஒரு சின்ன கருவியால விரிக்கணும். திண்டுக்கல்ல ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட இரவல் வாங்கி வெச்சிருந்தேன். உளியால அடிச்சு விரிக்கறவங்க இருக்காங்க, வேண்டாம், வளையம் விரிசல் விட்டா வண்டியே போச்சு. மேல்மலைப் பனியிலயும் மழையிலயும் ஊறின வண்டி, துரு ஏறிக் கல்லாட்டம் இருந்துச்சு. துரு எண்ணெய் அடிச்சு ராத்திரி பூரா விட்டு, காலையில டீயைக் குடிச்சுட்டு வந்து நக்கிளை ஆட்டினதும் 'ப்ளக்'னு இறங்குச்சு. மாப்ள கத்தின கத்துல பக்கத்துத் தோட்டத்து நாய் குலைச்சுது.

பின்பக்கம் சுலபம். போலோவுக்குப் பின்னாடி ஸ்பிரிங்கு தனி, டாம்பர் தனி. காயிலோவர்னு பேரு போட்டு வாங்கினாலும் பின்னாடி அது காயிலோவரே இல்ல. ரெண்டு பக்கமும் டாம்பரோட கீழ் போல்ட்டைக் கழட்டி ஆக்ஸிலை ஜாக்கியால மெதுவா இறக்கினா ஸ்பிரிங்கு கையோட வரும். உசரம் மாத்தற தட்டு ஸ்பிரிங்குக்கு அடியில, திருகு டாம்பர்ல.

மூணு விஷயம் குறிச்சுக்குங்க. ஒண்ணு, டார்க் ரெஞ்ச் இல்லாம தொடாதீங்க. ஒரு தடவைதான் இறுக்கணும்னு கம்பெனி சொல்ற போல்ட்டைப் புதுசாவே போடுங்க. ரெண்டு, ரப்பர் புஷ் இருக்கற போல்ட்டைக் கடைசியா இறுக்கறது வண்டி நாலு சக்கரத்துல நின்ன பிறகு. தொங்கிட்டு இருக்கறப்ப இறுக்கினா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். மூணு, எங்க ஊர் மாதிரி ஈரமான இடமா இருந்தா மரையில கிரீஸ் தடவி, சேறு தங்காம மாசத்துக்கு ஒரு தடவை கழுவுங்க. துரு புடிச்சா 'அட்ஜஸ்டபிள்'ங்கறது பில்லுல மட்டும்தான் இருக்கும்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சுவத்துல இருந்த நாலு நம்பருக்கும் வண்டி வந்து நின்னுச்சு. சக்கரம் எந்தப் பக்கம் பாக்குதுன்னு பழைய மெக்கானிக்குங்க மாதிரி ரெண்டு பக்கமும் நூல் கட்டி அளந்து, முன் சக்கரத்தை நேராக்கினேன். மறுநாள் மெதுவா திண்டுக்கல் போயி கம்ப்யூட்டர் அலைன்மென்ட். ஸ்ட்ரட்டைக் கழட்டி மாட்டினா இது கட்டாயம்.

யாரோட சீட்டு?

திருகு 30 கிளிக். ஃபுல் டைட் பண்ணிட்டு அங்கேருந்து பின்னால எண்ணணும். இப்ப கேள்வி, எத்தனையில வெக்கறது?

எல்லாரும் என்ன பண்றாங்கன்னா டிரைவர் சீட்டுல உக்காந்து செட் பண்றாங்க. அது டிரைவருக்குச் சுகம். ஸ்டியரிங்கைப் புடிச்சிருக்கறவனுக்கு அடுத்து என்ன வளைவு வரப்போகுதுன்னு முன்கூட்டியே தெரியும், உடம்பு தயாரா இருக்கும். பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியாது. அம்மா எப்பவும் பின் சீட்டு, இடது பக்கம். "முன்னாடி உக்காரும்மா, ரோட்டைப் பாத்துட்டு வந்தா வாந்தி குறையும்"னு நானும் டாக்டரும் சொல்லிப் பாத்தாச்சு. கேக்க மாட்டாங்க. முன் சீட்டு அப்பா சீட்டு. அப்பா போயி ஆறு வருஷமாச்சு.

அதனால சாவியை மாப்ளகிட்ட குடுத்துட்டு நான் அம்மா எடத்துல உக்காந்தேன். பூண்டியிலேருந்து மன்னவனூர் வரைக்கும், திரும்ப அதே ரோடு. அஞ்சு தடவை. முழுசா லூஸா இருந்தப்ப படகு மாதிரி மிதந்துச்சு, எனக்கே வயித்தைக் கலக்கிச்சு. 15-ல வளைவு அருமை, ஆனா கவுஞ்சி பக்கத்துக் கல்லு ஒவ்வொண்ணும் இடுப்புல வந்து எண்ணிக்கை சொல்லுச்சு. முன்னாடி 21, பின்னாடி 23-ல ஒரு எடம் கெடைச்சுது. சாயுது, ஆனா சாஞ்சா ஒரே தடவை. குழி தெரியுது, ஆனா அதோட முடிஞ்சிருது.

ஒண்ணு கவனிச்சேன். முதல் ரவுண்டுல மாப்ள வளைவுக்குள்ள போயி பிரேக் அடிச்சான், நான் பின்னாடி உருண்டேன். "வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைடா, உள்ள போன பிறகு காலை மெதுவா வை"ன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். அஞ்சாவது ரவுண்டுல அவன் ஓட்டினது எந்தத் திருகும் பண்ணாத வேலையைப் பண்ணுச்சு. லட்ச ரூவா கிட்டைவிட டிரைவரோட வலது காலு முக்கியம்னு அன்னிக்கு அவனுக்குப் புரிஞ்சுது. சொல்லிக் குடுத்த எனக்கும் இன்னும் கொஞ்சம் நல்லா புரிஞ்சுது.

கிளவ் பாக்ஸ் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கேன். மூணு வரிசை. 'நான்: 14, 15'. 'மூட்டை: 16, 8'. 'அம்மா: 21, 23'.

ஏப்ரல்ல தேதி வந்துச்சு. கூப்பிட்டேன். "ஷாக்ஸ் மாத்தியாச்சும்மா, ஒரே ஒரு தடவை வந்து பாரு." பாலிதீன் கவர் நாலு, எலுமிச்சம்பழம் ரெண்டு, துண்டு ஒண்ணு எடுத்துக்கிட்டு, போருக்குப் போற மாதிரி ஏறினாங்க. பூம்பாறை போச்சு. கொடைக்கானல் போச்சு. பெருமாள்மலையில டீ குடிக்கலாமான்னு கேட்டேன், வேண்டாம்னாங்க. ஊத்து வந்துச்சு, எப்பவும் நிறுத்தற எடத்துல வேகத்தைக் குறைச்சேன்.

"எதுக்கு நிறுத்தற?"

"இல்லம்மா... உனக்கு..."

"வந்தா நான் சொல்றேன். நீ போ."

டம்டம் பாறைக்குக் கீழ கண்ணாடியில பாத்தா தலை ஜன்னல் பக்கம் சாஞ்சிருந்துச்சு. தூங்கிட்டாங்க. தங்கமணி என் தோளைத் தொட்டா, அவ்வளவுதான், ரெண்டு பேரும் பேசிக்கல.

முதுகு வலி போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். மதுரையில இறங்கினப்ப இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னாங்க. "வண்டி எப்படிம்மா?"ன்னு ஆசையா கேட்டேன். "குலுங்குது. ஆனா ஆடல"ன்னாங்க. ரெண்டு வாரம் நான் கணக்கு போட்டு எழுதினதை ரெண்டு வார்த்தையில முடிச்சுட்டாங்க.

டாக்டர் சீட்டுல அடுத்த தேதி ஜூன்ல போட்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் யாரும் சொல்லாமலே அம்மா காலண்டரைப் புரட்டி, பேனா கேட்டாங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு நேரா ஸ்பேனரை எடுத்துடாதீங்க. ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச், பக்கத்துல ஒரு ஆள் - மூணும் இல்லேன்னா நல்ல மெக்கானிக்கிட்ட விடுங்க. கூட நின்னு பாருங்க, அதுவே பாதி படிப்பு. மேல்மலைக்கு வர்றதா இருந்தா 2024 மே மாசத்துலேருந்து வெளியூர் வண்டிக்குக் கொடைக்கானல்ல இ-பாஸ் உண்டு, எடுத்துட்டு வாங்க. பூண்டி வரைக்கும் வந்தா டீ நம்ம வீட்டுல. வண்டியை மட்டும் இறக்கிட்டு வராதீங்க!